முதல் வேலை ஓர் இலைக் கொக்கி: கொல்லுவேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கொல்லுவேலை கற்க வருகிறவர்களில் பலருக்கு முதல் நாளே கத்தி அடிக்க வேண்டும் என்று ஆசை. அது வேண்டாம். கத்திக்கு உயர்கரி எஃகு வேண்டும், தோய்ச்சல் (காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது) வேண்டும், சாணை பிடிக்கத் தெரிய வேண்டும். சுத்தியல் கைக்குப் படியும் முன்பே இத்தனையும் சேர்ந்துகொண்டால், வேலை எங்கே கெட்டது என்றே பிடிபடாது. சாவியோ பையோ மாட்ட, முனை இலைபோல் முடியும் ஓர் இலைக் கொக்கி அடியுங்கள். கூராக்குவது, கழுத்து இறக்குவது (ஓர் இடத்தை மட்டும் மெலிதாக்குவது), நீட்டுவது, தட்டையாக்குவது, முறுக்குவது, துளைப்பது, வளைப்பது எல்லாம் உள்ளங்கை அளவு இரும்பிலேயே வந்துவிடும். வாசல் கதவுக் கிராதியோ விளக்குத் தண்டோ, பெரிய கலைவேலை எதை எடுத்தாலும் இந்த ஏழெட்டு அசைவுகள்தான் மாறி மாறி வரும்.

இரும்பு

10 மி.மீ. சதுர எம்.எஸ். கம்பி (மைல்ட் ஸ்டீல், அதாவது கரி குறைந்த மென் இரும்பு) வாங்குங்கள். கடையில் 6 மீட்டர் நீளத்தில் வரும். மீட்டருக்கு 785 கிராம் வீதம் ஒரு கம்பி 4.7 கிலோ. ஒரு கொக்கிக்கு 14 செ.மீ. போதும். ஆக ஒரு கம்பியில் நாற்பது கொக்கி அடிக்கலாம். முதல் பத்து எப்படியும் வீணாகும், அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கட்டடத்தில் மிஞ்சிய டி.எம்.டி. கம்பி சும்மா கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். அதன் வரிகள் அடிக்கும்போது உள்ளே மடிந்து விரிசலாக நிற்கும். கம்பிக்குக் கம்பி குணமும் மாறும். ஜிங்க் (துத்தநாகம்) பூசிய கம்பியையும் குழாயையும் உலைப் பக்கமே கொண்டுவரக் கூடாது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும், நீங்கள் இரும்பைக் காய்ச்சப்போவது அதற்கும் மேலே. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும்.

பட்டா வில் என்கிற லாரி ஸ்பிரிங் கிடைத்தால் எடுத்து வையுங்கள். பிறகு உளி, துளையூசி செய்ய உதவும். கொக்கிக்கு அது ஆகாது. சூட்டோடு தண்ணீரில் முக்கினால் கண்ணாடிபோல் உடையும்.

பட்டடை, சுத்தியல், பிடி

இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு போதும். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 45 செ.மீ. எடுத்தால் 23 கிலோ வரும். வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழைய இரும்புக் கடையில் வாங்கினேன் என்று வாயால் சொன்னால் அங்கே எடுபடாது.

துண்டைப் படுக்கவைத்தால் அகலம் சுமார் 7 செ.மீ.தான், அடிக்கும்போது நடுவில் துள்ளும். நெட்டுக்குத்தாக நிறுத்திப் பாருங்கள். முகம் சிறிதாகும், ஆனால் மொத்த எடையும் சுத்தியலுக்கு நேர் கீழே வந்துவிடும். 10 மி.மீ. கம்பிக்கு இதுவே மேல். இறைச்சிக் கடையில் போடுவதுபோன்ற புளியமரக் கட்டையில் குழி தோண்டி, அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் போட்டு இறக்குங்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால், விரல் முட்டி பட்டடையின் முகத்தைத் தொட வேண்டும். அதைவிட உயர்ந்தால் தோள் வலிக்கும், தாழ்ந்தால் இடுப்பு.

விளிம்புகளில் ஒன்றை மட்டும் அரைத்து, 3 மி.மீ. அளவுக்கு உருட்டிவிடுங்கள். கழுத்து இறக்க இது கட்டாயம். கூர்விளிம்பில் அடித்தால் இரும்பு வெட்டுப்பட்டு மடிந்து, பிறகு அந்த இடத்திலேயே ஒடியும்.

சுத்தியல் 800 கிராம் முதல் 1 கிலோ வரை, ஒரு பக்கம் தட்டை முகமும் மறுபக்கம் குறுக்கு அலகும் (பிடிக்குக் குறுக்கே நிற்கும் மழுங்கிய ஆப்பு முனை) உள்ளதாக. கடையிலிருந்து வந்த சுத்தியலின் முகத்தில் கூர்விளிம்பு இருக்கும். லேசாகக் குவியும்படி அரைத்துத் தேய்த்துவிடாவிட்டால் ஒவ்வொரு அடியும் பிறைத் தழும்பு போடும். இரண்டு கிலோ சுத்தியல் தூக்கினால் வேலை இரட்டிப்பாகாது, முழங்கை நோகும். பிடியை இறுக்காமல், அடித்ததும் அது தானாக எழும்ப விடுங்கள்.

குறடு உடனே வேண்டியதில்லை. கம்பியை 60 செ.மீ. நீளமாகவே வைத்துக்கொண்டால் மறுமுனை கையில் பிடிக்கும் அளவுக்குத்தான் சுடும். கடைசியில் வெட்டிய பிறகு பிடிக்க ஒரு பூட்டுக் குறடு, அதாவது வைஸ் கிரிப் பிளையர், போதும். இவற்றோடு 4 அங்குல பெஞ்ச் வைஸ், கம்பி பிரஷ், முனை மழுக்கிய வெட்டிரும்பு (உளி), ஒரு மரச் சுத்தியல், 25 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஒரு குழாய்த் துண்டு, வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

உலை

பழைய லாரி பிரேக் டிரம்மின் அடியில் 50 மி.மீ. குழாயை டி வடிவில் இணைத்து, பக்கவாட்டில் புளோயரையும் கீழ்வாயில் சாம்பல் கொட்ட ஒரு மூடியையும் வைத்தால் உலை தயார். களிமண்ணும் மணலும் பிசைந்து உள்ளே கிண்ணம்போல் பூசி, நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தோடு பற்றவைத்தால் வெடித்து உதிரும். டிரம் வார்ப்பிரும்பு, சூடாக இருக்கும்போது அதில் தண்ணீர் ஊற்றினால் பிளந்துவிடும்.

கரிக்குச் சீமைக்கருவேலக் கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் மூட்டைக்கணக்கில் சுடுகிறார்கள். நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து ஒதுக்குங்கள். தூள் அடைத்தால் காற்று ஏறாது. அரைநாள் வேலைக்கு எட்டுப் பத்துக் கிலோவாவது கையில் இருக்கட்டும். கரி புகையாமல் எரிகிறதே என்று அறைக்குள் உலை வைக்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கூரை உண்டு, சுவர் இல்லை என்கிற இடம்தான் பட்டறைக்கு ஏற்றது.

கேஸ் உலை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும்.

இரும்பை நெருப்பில் எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். காற்று வரும் வாய்க்கு மேலே ஒரு சாண் அளவுக்குக் கனல் இருந்து, அதன்மேல் இரும்பு படுத்து, இரும்புக்கு மேலேயும் நாலு விரல் கரி மூடியிருக்க வேண்டும். காற்றுவாய்க்குப் பக்கத்திலேயே செருகினால் ஊதிய காற்றில் மீதமுள்ள ஆக்சிஜன் இரும்பைத் தின்னும். செதில் செதிலாக உரியும், சூடும் ஏறாது. புதியவர்கள் இதைப் பார்த்து இன்னும் காற்றைக் கூட்டுவார்கள், நிலைமை மோசமாகும். காற்றைக் குறைத்துக் கரியைக் கூட்டுங்கள்.

நிறம்

பட்டறையில் வெப்பமானி கண்தான். மங்கிய சிவப்பு 650–700 டிகிரி, செம்பருத்திச் சிவப்பு 750–800, ஆரஞ்சு 900–1000, மஞ்சள் 1050–1150. அதற்கு மேல் வெளிர்ந்து போய், மத்தாப்புபோலப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று பொருள். எரிந்த முனையைத் திருத்த வழியில்லை, வெட்டி எறிய வேண்டியதுதான். வெயிலில் நின்றால் செம்பருத்திச் சிவப்புகூடக் கருப்பாகத் தெரியும், அதனால் நிழலில் வேலை செய்யுங்கள்.

வடிவம் மாற்றும் அடியெல்லாம் மஞ்சளில். நேராக்குவதும் வளைப்பதும் ஆரஞ்சில். மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் கையை நிறுத்தி, மறுபடி நெருப்பில் வையுங்கள். இன்னும் நாலு அடி அடித்துவிடலாம் என்று நினைத்து அடிக்கும் அந்த நாலு அடியில்தான் முதல் பத்துக் கொக்கியில் பாதி கெடும். ஆறிய இரும்பில் மேல்தோல் மட்டும் நீளும், நடு நகராது. முனை மீன்வாய்போல் குழிந்து பிளக்கும்.

கறுத்துக் கிடக்கும் இரும்பு 400 டிகிரியில் இருக்கலாம். எதையும் எடுக்கும் முன் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். பருத்தி உடை, மூடிய தோல் செருப்பு, கண்ணாடி மூன்றும் வேண்டும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ஈரக் கையுறையும் ஆபத்துதான்: சூடு பட்டதும் உள்ளே நீராவியாகி வேகவைத்துவிடும். சூட்டு இரும்பைச் சிமென்ட் தரையில் போட்டால் தரை சில்லுகளாகத் தெறிக்கும்.

அடிக்கும் வரிசை

முதலில் கூர். முனையை மஞ்சளுக்குக் காய்ச்சி, பிரஷால் செதிலைத் தட்டிவிட்டு, பட்டடையின் எதிர் விளிம்போரம் சாய்த்துப் பிடியுங்கள். சுத்தியலும் அதே சாய்வில் விழ வேண்டும். ஓர் அடி, கால் திருப்பு (கால்வாசிச் சுற்று), ஓர் அடி, மறுபடி பழைய பக்கம் என்று இரண்டு பக்கங்களை மட்டும் மாற்றி மாற்றி அடியுங்கள். மற்ற இரண்டையும் பட்டடை பார்த்துக்கொள்ளும். 25 மி.மீ. நீளத்துக்கு நாற்பக்கக் கூர் வந்தால் போதும். இதற்குக் கம்பியில் 9 மி.மீ.தான் செலவாகும். குறுக்குவெட்டு சதுரம் போய்ச் சாய்சதுரமாகிவிட்டால், நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மூலைகளையும் மஞ்சளில் நேராக அடித்து உள்ளே தள்ளிவிட்டுத்தான் அடுத்த வேலை. அப்படியே தொடர்ந்தால் இலை கோணலாகவே விரியும்.

அடுத்து கழுத்து. கூர் முடிந்த இடத்திலிருந்து 15 மி.மீ. முழுக் கம்பியை விட்டுவிடுங்கள், அது இலையின் சதை. அதற்குப் பின்னால் உள்ள இடத்தை உருட்டிய விளிம்பின்மேல் வைத்து, சுத்தியலின் பாதி முகம் பட்டடைமேலும் பாதி வெளியேயும் இருக்கும்படி அடியுங்கள். முதல் இரண்டு மூன்று அடிக்குள் கால் திருப்பு திருப்பி அடுத்த பக்கத்தையும் இறக்கினால்தான் கழுத்து நடுவில் நிற்கும். 6 மி.மீ. சதுரமாகும்வரை இறக்குங்கள்.

கழுத்துக்குப் பின்னால் 25 மி.மீ. கம்பியைக் காம்பாக இழுக்க வேண்டும். சதுரமாகவே 6 மி.மீ.க்கு இறக்கி, பிறகு மூலைகளைத் தட்டி எண்பட்டையாக்கி, கடைசியில் மெல்ல உருட்டுங்கள். எடுத்த எடுப்பிலேயே உருட்டப் பார்த்தால் உள்ளே பிளவு விழும். 10 மி.மீ. சதுரத்தில் 25 மி.மீ. என்பது 6 மி.மீ. உருண்டையில் 85 மி.மீ. ஆகும், கொக்கி வளைய அதுவே போதும். காம்பு மெலிய மெலியச் சீக்கிரம் ஆறும், சீக்கிரம் எரியவும் செய்யும். நெருப்பில் வைத்துவிட்டு அலைபேசி பார்க்கக் கூடாது.

இப்போது இலை. மஞ்சளில் எடுத்துத் தட்டை முகத்தால் 5 மி.மீ. கனத்துக்குத் தட்டுங்கள். பிறகு குறுக்கு அலகை இலையின் நீளவாட்டில் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்தால் இரும்பு பக்கவாட்டில் விரியும். அலகு எப்படி நிற்கிறதோ அதற்குச் செங்குத்தாக இரும்பு நகரும், சப்பாத்தி உருட்டும்போது கட்டைக்குக் குறுக்கே மாவு ஓடுவதுபோல. நடு 3 மி.மீ., ஓரம் 2 மி.மீ. என்று நின்றால் இலை ஏறக்குறைய 50 மி.மீ. நீளமும் 28 மி.மீ. அகலமும் வரும். எல்லா இடமும் ஒரே கனமாக இருந்தால் தகரத்தில் வெட்டியதுபோல இருக்கும். மெல்லிய இரும்பை உயிருள்ள உருவமாக்குவது எப்படி என்று பார்க்க, சத்தீஸ்கரின் பஸ்தர் வட்டாரத்து இரும்பு வேலைகளைப் பாருங்கள். பழைய இரும்பைத் தட்டியே மானும் விளக்கும் செய்கிறவர்கள் அவர்கள்.

நரம்பு வெட்ட வெட்டிரும்பின் முனை மழுங்கியே இருக்க வேண்டும். கூராக இருந்தால் இலை இரண்டாகப் போகும். கம்பியின் மறுமுனையை முட்டுக் கொடுத்து வைத்துவிட்டு, ஆரஞ்சில் நடு நரம்பு முதலில், காம்பிலிருந்து நுனிவரை. அடுத்த சூட்டில் பக்க நரம்புகள், நுனியை நோக்கிச் சாய்வாக. இலை மூன்று நான்கு நொடியில் ஆறிவிடும், எனவே ஒரு சூட்டுக்கு மூன்று கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிரும்பை நடுநடுவே தண்ணீரில் தோயுங்கள். வெட்டினால் இலை நெளியும். மரச் சுத்தியலால் சமப்படுத்தலாம், இரும்புச் சுத்தியலால் தட்டினால் வெட்டிய கோடு அழிந்துவிடும்.

முறுக்கு, பார்ப்பதற்குப் பெரிய வித்தை. செய்வதற்கு எளிது, சூடு சமமாக இருந்தால். காம்புக்குப் பின்னால் 50 மி.மீ. சதுரக் கம்பியை ஒரே ஆரஞ்சாகக் காய்ச்சி, ஒரு முனையை வைஸில் கவ்வி, மறுமுனையை ஸ்பானரால் பிடித்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கே சூடு அதிகமோ அங்கே முறுக்கு இறுகும். இறுகிய இடத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டு மீதியைச் சுற்றினால் சமமாகும். எம்.எஸ். இரும்பு என்பதால் தண்ணீர் கெடுக்காது. நெளிந்திருந்தால் மறுபடி காய்ச்சி மரச் சுத்தியலால் நேராக்குங்கள்.

முறுக்கு முடிந்த இடத்திலிருந்து 35 மி.மீ. விட்டு வெட்டுங்கள். அந்த 35 மி.மீ.தான் சுவரில் பதியும் பலகை. வைஸ் கிரிப்பால் காம்பைப் பிடித்துக்கொண்டு 4 மி.மீ. கனத்துக்குத் தட்டுங்கள்.

பலரும் ஏமாறும் இடம் இதுதான். கொக்கி கீழிருந்து முன்னால் வளைந்து மேலே ஏறும்போது, நேராக இருந்தபோது சுவரைப் பார்த்த முகம் அறையைப் பார்க்கும். எனவே நரம்பு வெட்டிய முகம், பலகை சுவரில் படியும் அதே பக்கமாக இருக்க வேண்டும். மாற்றித் தட்டினால் அழகான இலை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். தட்டும் முன் கம்பியைச் சுவரோடு பிடித்து, கையாலேயே வளைவைக் காட்டிப் பாருங்கள். களிமண்ணில் ஒன்று செய்து பார்ப்பது இன்னும் நல்லது. பிலடெல்பியாவில் பெரிய பட்டறை நடத்திய சாமுவேல் யெல்லின் காகிதத்தில் வரைவதோடு நிற்காமல் இரும்பிலேயே மாதிரித் துண்டுகளை அடித்துப் பார்த்தவர். புதியவர்களுக்குக் களிமண் மலிவு. சூட்டு இரும்பும் அதுவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நகரும்.

துளை இரண்டு, 5 மி.மீ. சூட்டில் ஊசியால் துளைப்பது அழகு. ஆனால் முதல் பத்துக்கு டிரில் போதும். இரும்பை வெறும் காற்றில் ஆறவிட்டு, நடுப்புள்ளி குத்திவிட்டுத் துளையுங்கள்.

வளைப்பது கடைசி. குழாய்த் துண்டை வைஸில் கவ்வுங்கள். முதலில் இலையின் நுனியை மட்டும் காய்ச்சி, கொக்கி வளைவுக்கு எதிர்ப்புறமாக லேசாக மடியுங்கள். பிறகு காம்பு. இங்கே நெருப்பு சிறிதாக இருக்கட்டும். காம்பு சிவக்கும் நேரத்தில், கனலுக்குள் இருக்கும் 2 மி.மீ. இலை வெந்து பொறி கிளப்பிவிடும். இலை நெருப்பைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கும்படி வைத்து, இடையில் எடுத்து இலையை மட்டும் தண்ணீரில் தொட்டுக்கொள்ளுங்கள். அத்தனை வேலையும் முடிந்த பிறகு இலை எரிந்துபோவது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணமான இழப்பு. ஆரஞ்சானதும் குழாயைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டுங்கள். அரைவட்டத்துக்கு 5 செ.மீ. காம்பு போகும், மீதி மேலே ஏறி இலையில் முடியும்.

மெழுகு

கறுத்துவரும் சூட்டில் கம்பி பிரஷால் அழுத்தித் தேய்த்து, கோடுகளுக்குள் இருக்கும் செதிலையும் எடுத்துவிடுங்கள். பிறகு தேன்மெழுகு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கட்டியை இரும்பில் உரசினால் உருகி லேசாகப் புகைய வேண்டும். தீப்பிடித்தால் சூடு அதிகம், வெண்மையாகத் திரண்டு நின்றால் குறைவு. துணியால் துடைத்துவிட்டால் ஆழ்ந்த கருமை நிற்கும். மெழுகோடு ஆளிவிதை எண்ணெய் கலப்பவர்கள், அந்தத் துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. எண்ணெய் காயும்போது எழும் சூட்டில் துணி தானே பற்றும். விரித்துக் காயவிட்டோ தண்ணீரில் முக்கியோ பிறகு எறியுங்கள்.

மெழுகு வீட்டுக்குள் மட்டுமே. தூத்துக்குடி, நாகப்பட்டினம்போன்ற கடலோர ஊர்களில் வீட்டுக்குள்கூட அவ்வப்போது மறுபடி பூச வேண்டியிருக்கும். வெளியே மாட்டுவதானால் செதிலை முழுவதும் நீக்கிவிட்டு பிரைமரும் பெயின்டும் அடியுங்கள். செதில்மேல் அடித்த பெயின்ட் செதிலோடேயே உரிந்து வரும்.

ஒரே அளவில் பத்து அடித்து வரிசையாக மாட்டிப் பாருங்கள். இலை அளவிலும் காம்பு நீளத்திலும் உள்ள வித்தியாசம், எந்தப் படியில் கை தடுமாறுகிறது என்று காட்டிக் கொடுக்கும். விலைக்குக் கொடுப்பதானால் அடித்த நேரத்தோடு நெருப்பு மூட்டிய நேரம், கரி, துளைத்து மெழுகிட்ட நேரம் எல்லாவற்றையும் விலையில் சேருங்கள். பலர் அடித்த நேரத்தை மட்டுமே எண்ணுவார்கள். கொடுக்கும் முன் ஒரு பழைய வேட்டித் துண்டை இலையின் ஓரத்திலும் நுனியிலும் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, அந்த இடத்தில் மட்டும் சூடு காட்டி மறுபடி மெழுகிடுங்கள்.